பம்ப், பவுடர், பஞ்சர்: காயலில் பறக்கப் போன கோயமுத்தூர்க் கோஷ்டி

செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள். காலையும் நன்றாக உதறிக்கொள்ளுங்கள். மணல் உள்ளே வரக்கூடாது என்பதுதான் இந்தக் கொட்டகையின் முதல் சட்டம். தரையில் கிடக்கிற எதையும் மிதிக்கக்கூடாது என்பது இரண்டாவது. எதையும் மிதிக்காமல் எங்கே கால் வைப்பது என்று கேட்டால் உள்ளே இருப்பவர்களுக்கே பதில் தெரியாது. சுவரோரமாக என் பின்னாலேயே வந்துவிடுங்கள்.

ராமேஸ்வரம் தீவில், தனுஷ்கோடி போகிற சாலையை விட்டு இறங்கிச் சவுக்குத் தோப்பைத் தாண்டினால் ஒரு காயல். அதன் கரையில் இந்தக் கீற்றுக் கொட்டகை. கோயிலுக்கு வந்த வேன்கள் எல்லாம் அரிச்சல்முனையைப் பார்த்து விரைகின்றன; இந்தப் பக்கம் ஒருவரும் திரும்புவதில்லை. திரும்பியிருந்தால் பிரேக் போட்டிருப்பார்கள். மூங்கில் சட்டத்தில் ஆரஞ்சும் நீலமுமாக ஆளுயரத்தைத் தாண்டிய இறக்கைகள் தொங்குகின்றன. மூலையில் பலகைகளைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். ஆணிக்கு ஆணி ஹெல்மெட். கொடியில் உப்புத் தண்ணீர் சொட்டும் லைக்ரா சட்டைகள். அலமாரித் தட்டில் குட்டிக்கூரா பவுடர் டப்பா, அதுவும் வரிசையாக நாலைந்து. பவுடருக்கு இங்கே என்ன வேலை என்று தெரிந்துகொள்ளாமல் இடத்தை விட்டு நகர்வதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இவர்கள் ஆடுகிற ஆட்டத்துக்குப் பெயர் விங் ஃபாயில். செல்போனில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். கையில் காற்றடைத்த ஒரு இறக்கை, காலடியில் ஒரு பலகை. ஆள் தண்ணீரைத் தொடாமல், முழங்கால் உயரத்துக்கு மேலே, சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போவார். பலகைக்கு அடியில் ஒரு தண்டு இறங்கி, அதன் நுனியில் குட்டி விமானம் ஒன்று தண்ணீருக்குள் ஓடுகிறது. பலகையைத் தூக்குவது அதுதான். ஹவாயின் மாவி தீவில் கென் வின்னர் வடிவமைத்த கைவிங்கை டூவோடோன் நிறுவனம் 2019-இல் கடைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இந்த ஆட்டம் உலகம் முழுக்கப் பரவியது. அதாவது கடைச் சரக்காக வந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. அதனால் இங்கே கற்றுக்கொள்ள வருகிறவர்களில் ‘எங்க தாத்தா காலத்துலயே’ என்று பேச்சை ஆரம்பிக்க ஒருவருக்கும் வழியில்லை. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய கஷ்டம் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் எப்படி உள்ளே நுழைந்தேன் என்றால், பீளமேட்டில் இன்ஜினீயரிங் படிக்கிற ஒரு பெண் இதைக் கற்றுக்கொண்டே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவளுக்குத் துணையாக அவள் அம்மா. அம்மாவுக்குப் பேச்சுத் துணையாக நான். இது போதாதென்று, அதே ஊர்ப்பக்கத்திலிருந்து வேறு இரண்டு பேர். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஒரு அண்ணன், கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன். ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாது. மானாமதுரை தாண்டுவதற்குள் ஒறம்பரை கண்டுபிடித்துவிட்டார்கள்.

இவர்கள் இத்தனை தூரம் எதைத் தேடி வந்தார்கள்? காற்றைத் தேடி. சிரிப்பாக இல்லையா? பாலக்காட்டுக் கணவாய் என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாசல் திறந்து வைத்திருக்கும் ஊர்க்காரர்கள். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகப் புகுந்துதான் உடுமலை, பூளவாடி, பெதப்பம்பட்டிப் பக்கமெல்லாம் காத்தாடிகளைச் சுற்றுகிறது. ஆடி மாசம் அம்மி பறக்கிறதோ இல்லையோ, பல்லடம் ரோட்டில் ஹெல்மெட் போடாதவர் கண்ணைத் திறக்க முடியாது. ஆனால் அங்கே காற்று என்றால் யூனிட் கணக்கு, வயற்காட்டில் விழுகிற சருகு, மொட்டைமாடியில் பறந்து போன துணி. அதே பருவத்துக் காற்று இங்கே தடுக்க ஒரு குன்றும் இல்லாத உப்புவெளியில் ஒரே சீராக வீசுகிறது. முறித்து முறித்து அடிக்காத காற்று, அலையில்லாத தண்ணீர். கற்றுக்கொள்கிறவர்களுக்கு இந்த இரண்டும்தான் வேண்டும்.

வாருங்கள், பம்ப் அடிக்கிற இடத்துக்குப் போவோம். அங்கேதான் இப்போது கூட்டம்.

விங்கின் முன்விளிம்பில் நீளமான ஒரு குழாய், நடுவில் முதுகெலும்பாக இன்னொரு குழாய். இரண்டிலும் காற்றடைத்தால்தான் இறக்கைக்கு உருவம் வரும். ஏழெட்டு பிஎஸ்ஐ. கார் டயருக்கு முப்பதுக்கு மேல் அடிக்கிறோமே, இது என்ன பிரமாதம் என்று லேத் பட்டறை அண்ணன் முன்னால் வந்தார். தண்ணீர் மோட்டாருக்கும் பம்புக்கும் இந்தியா முழுக்கப் பேர்போன ஊரிலிருந்து வந்தவர். கைப்பம்பை இரண்டு காலுக்கு நடுவில் வைத்து, வேட்டியை மடித்துக் கட்டுகிற தோரணையில் அரை டிரவுசரை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார். முதல் நிமிஷம் கம்பீரம். கடைசிப் பகுதி பிஎஸ்ஐ இருக்கிறதே, அது தனிக் கதை. உடம்பின் மொத்தப் பாரத்தையும் கைப்பிடியில் போட்டால்தான் முள் ஒரு கோடு நகரும். மூக்கு நுனியிலிருந்து வியர்வை வால்வு மேலேயே சொட்டுகிறது.

“கரண்ட் பம்ப் ஒண்ணு இருக்குதுங்களே, அதென்னாச்சு?”

“சார்ஜ் இல்லண்ணே. அடிங்க, இன்னும் கொஞ்சந்தான்.” பயிற்சி கொடுக்கிற தங்கச்சிமடத்துத் தம்பி முகத்தில் சிரிப்பே வரவில்லை. கரண்ட் பம்ப் அவர் முதுகுக்குப் பின்னால் சார்ஜரில் பச்சை விளக்கோடு இருந்ததை நான் பார்த்தேன். புதிதாக வருகிற எல்லோருக்கும் இதே பதில்தானாம். கையால் அடித்தவன் விங்கை மணலில் இழுக்கமாட்டான் என்று பிறகு என்னிடம் ரகசியமாகச் சொன்னார். உங்களுக்கும் சொல்லிவிட்டேன், நீங்கள் யாரிடமும் சொல்லாதீர்கள்.

இதற்குள் பனியன் கம்பெனி அண்ணன் இன்னொரு விங்கை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பறப்பதைப் பற்றி அவருக்கு இப்போதைக்கு அக்கறையில்லை. தையலைத் தடவுகிறார், திருப்புகிறார், வெளிச்சத்தில் பிடிக்கிறார். “ஜிக்ஜாக் போட்டு, அதுக்கு மேல டேப் ஒட்டி, மறுபடியும் ஓட்டியிருக்கான் பாருங்க. ஒரு இடத்துல நூல் தாவலை. இதை நம்ம பசங்க தைப்பாங்களா? தைப்பாங்க. ஆனா பீஸ் ரேட் என்ன கேப்பாங்க?” துணி கட்டம் கட்டமாக நெய்த ரிப்ஸ்டாப். ஒரு கட்டத்தில் கிழிசல் விழுந்தால் அடுத்த கட்டத்துக்குச் சுலபமாக ஓடாது. அதைக் கேட்டதும் அவர் கண்ணில் வந்த வெளிச்சம், மதியம் தண்ணீரில் நின்றபோதுகூட வரவில்லை.

அவருக்குச் சரியான பேச்சுத் துணை கொட்டகையின் பின்பக்கத்தில் இருந்தார். பாம்பனைச் சேர்ந்த ஒரு அக்கா. தையல் மெஷினுக்கு முன்னால் பச்சை விங் ஒன்று வயிறு கிழிந்து கிடக்கிறது. பக்கத்தில் பிளாஸ்டிக் தொட்டியில் சோப்புத் தண்ணீர். குழாய்க்குள் இருக்கும் மெல்லிய பையைப் பிளாடர் என்கிறார்கள். அதை உருவி எடுத்து, ஊதி, சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். துடைத்து, காயவைத்து, ஒட்டுப் போட வேண்டும். சைக்கிள் கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். சிரமம் அதற்கப்புறம். ஆள் நீளத்துக்கு மேலிருக்கும் அந்தப் பையை முறுக்கு விழாமல் மறுபடியும் துணிக்குழாய்க்குள் நுழைக்க வேண்டும். ஒட்டிக்கொள்ளும், சுருளும், பாதியில் மாட்டும். அக்கா பவுடர் டப்பாவை எடுத்தார். குழந்தை குளித்து வந்ததும் போடுவார்களே, அந்தத் தாராளத்தோடு பை முழுக்கக் கொட்டித் தடவினார். ஒரு முனையில் நூலைக் கட்டி மறுமுனையில் இழுத்தார். சர்ரென்று உள்ளே போய்விட்டது. கொட்டகை முழுக்கக் குட்டிக்கூரா வாசம்.

“எந்த பவுடரா இருந்தாலும் போகும். இது எனக்குப் புடிக்கும், அதான்” என்றார்.

அக்காவின் அம்மா கடல்பாசி எடுக்கப் போனவர். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி மூழ்கிப் பாசி அரியும் பெண்களைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தின் தலைவிகளில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு பரிசு கொடுத்தது. “எங்கம்மா தண்ணிக்குள்ள முங்கி சம்பாரிச்சுச்சு. இவங்க தண்ணி மேல நிக்கக் காசு கட்டுறாங்க” என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தார். குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அடுத்தது ஃபாயில் மாட்டும் மேஜை. இங்கே பேச்சு குறைந்துவிடும், ஏனென்றால் ஒரு திருகாணி மணலில் விழுந்தால் கதை முடிந்தது. தண்டு, அதன் அடியில் உடல், முன்னால் பெரிய இறக்கை, பின்னால் சின்ன இறக்கை. புதியவர்களுக்குக் கொடுக்கும் முன் இறக்கையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சில இட்லி தட்டுகளை வரிசையாக வைத்தால் வருகிற அளவுதான். இதுவா ஒரு ஆளைத் தூக்கும்? தூக்கும். தண்ணீரின் அடர்த்தி காற்றைப் போல 800 மடங்குக்கும் மேல். அதனால் விமானத்துக்கு அத்தனை பெரிய இறக்கை வேண்டியிருக்க, தண்ணீருக்கடியில் இவ்வளவு போதும். வித்தையும் புதிதல்ல. இத்தாலிக்காரர் என்ரிகோ ஃபோர்லானினி 1906-லேயே மஜ்ஜோரே ஏரியில் படகை இப்படித் தண்ணீருக்கு மேலே எழுப்பி ஓட்டினார். டெலிபோன் தந்த கிரஹாம் பெல்லும் இந்தப் பைத்தியத்தில் விழுந்தவர்தான். அவர் கூட்டாளிகளோடு சேர்ந்து கட்டிய படகு 1919-இல் மணிக்கு 114 கிலோமீட்டர் போய் அந்தக் காலத்து உலகச் சாதனையை வைத்தது.

அந்த மேஜையில்தான் ஒரு குட்டி நாடகம். ஒரு தண்டின் அடியில் திருகாணி பிடித்துக்கொண்டுவிட்டது. உப்புத் தண்ணீர், அலுமினியம், எஃகு மூன்றும் சேர்ந்தால் இப்படித்தான். கிரீஸ் தடவாமல் ஒரு நாள் விட்டால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். தம்பி முறுக்கிப் பார்த்தார். இன்னொருவர் முறுக்கிப் பார்த்தார். திருகாணித் தலை மொழுக்கையாகும் நேரம். பம்ப் அடித்த களைப்பில் திண்ணையில் சாய்ந்திருந்த கணபதி அண்ணன் எழுந்து வந்தார்.

“கொஞ்சம் அக்கட்ட நகருங்க. சுத்தியல் இருக்குதுங்களா? கொதிக்கிற தண்ணி?”

சமையற்கட்டிலிருந்து வெந்நீர் வந்தது. ஊற்றினார், பொறுத்தார், சாவியை வைத்து அதன் தலையில் இரண்டே தட்டு, மெதுவாக. பிறகு உடனே கழற்றவில்லை, முதலில் இறுக்கினார். எல்லோரும் பதறினார்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் விரலாலேயே கழன்று வந்தது. கொட்டகையில் கைதட்டல். அதுவரை அவரை “அண்ணே, பம்ப் அடிங்கண்ணே” என்று விரட்டிக்கொண்டிருந்த தம்பி அன்று முழுக்க அவருக்கு முதல் டீ கொண்டுவந்து கொடுத்தார். பெரியவர்களே, விங் ஃபாயில் கற்றுக்கொள்ள வயது எல்லை என்ன என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்: கையில் ஒரு தொழில் இருந்தால் எங்கேயும் மரியாதை உண்டு.

சரி, தண்ணீருக்குப் போகலாமா? உடனே இல்லை. முதல் பாடம் மணலில். விங்கைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், திரும்ப வேண்டும், காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். பார்ப்பதற்குச் சுலபம். கையில் வாங்கியதும் பீளமேட்டுப் பெண்ணை அது பத்தடி ஓடவிட்டு உட்காரவைத்தது.

“இழுத்துப் புடிக்காத தங்கச்சி. அதோட சண்ட போட்டா அதுதான் ஜெயிக்கும். பின்கையத் தளர விடு, தானா அடங்கிரும். இங்கிட்டுச் சாய்.”

அவள் அம்மா குடையும் முறுக்கு டப்பாவுமாகச் சவுக்கு நிழலில் உட்கார்ந்திருக்கிறார். “ஏங்கண்ணு, உழுகறதுக்கா இத்தனை காசு கட்டி வந்தோம்?”

“விழத் தெரியணும்மா முதல்ல” என்றார் தம்பி. நிஜமாகவே அதற்கு ஒரு பாடம் இருக்கிறது. விழும்போது பலகையைத் தள்ளிவிட்டு, அடியில் ஓடுகிற இறக்கைக்கு எதிர்ப்பக்கமாக, தட்டையாக விழ வேண்டும். தலைகீழாகப் பாய்ந்தால் ஆழமில்லாத தண்ணீரில் தலை தரையில் முட்டும். ஹெல்மெட்டும் உள்ளே பஞ்சு வைத்த அங்கியும் இல்லாமல் ஒருவரையும் இறக்குவதில்லை. விங் கையை விட்டுப் போகாமல் ஒரு வார், பலகை காலை விட்டுப் போகாமல் ஒரு வார். லீஷ் என்கிறார்கள்.

தண்ணீரிலும் எடுத்த எடுப்பில் ஃபாயில் கிடையாது. அடியில் ஒன்றுமே இல்லாத பெரிய பலகையில் மண்டியிட்டு, விங்கைப் பிடித்து, காயலின் குறுக்கே போகப் பழக வேண்டும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம்தான் எல்லோரும் போகிறார்கள். எதிர்த்திட்டில் போய் ஒதுங்கி, பலகையை இடுக்கிக்கொண்டு, விங்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, கரையோரமாக நடந்து திரும்பி வருகிறார்கள். மறுபடியும் போகிறார்கள். மறுபடியும் நடக்கிறார்கள். செல்போன் வீடியோவில் இந்த நடையை ஒருவரும் போடுவதில்லை. இந்த ஆட்டத்தில் பாதி இதுதான். வெயிலில் உதடு வெடித்து, முகத்தில் வெள்ளைக் களிம்பு வழிய, பனியன் கம்பெனி அண்ணன் நடந்து வருவதைப் பார்த்ததும் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவருக்கு வழியில் மோர் கொடுக்கிற ஞாபகம் வந்து, நான் நிஜமாகவே எழுந்துபோய் மோர் கொடுத்தேன்.

அவர் போன போக்கில் இன்னொரு கலாட்டா. முழங்கால் தண்ணீரில் காலில் கொழகொழவென்று என்னமோ பட்டதும் குனிந்து எடுத்துவிட்டார். சுரைக்காய்ப் பிஞ்சு அளவில் கறுப்பாக ஒரு பிராணி.

“அண்ணே! கீழ போடுங்கண்ணே! கேஸாயிரும்!”

கடல் அட்டை. 2001-இலிருந்து வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. அண்ணன் மெதுவாக, இரண்டு கையாலும், தூங்குகிற குழந்தையை வைப்பதுபோல அதைத் தண்ணீரில் வைத்தார். “புலிங்களா இது?” என்று மட்டும் கேட்டார். அன்று மாலை வரைக்கும் அவருக்கு அதுதான் பேர்.

தரையில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்கச் சொல்கிறார்கள். மணலுக்குள் திருக்கை படுத்திருந்தால் அதிர்வு கேட்டு விலகிவிடும். மிதித்தால் வாலால் அடிக்கும். சொறி, அதாவது ஜெல்லி மீன், வந்தாலும் சொல்லிவிடுகிறார்கள். சொல்லுகிறவர் வத்தை என்கிற காவல் படகில் உட்கார்ந்திருக்கும் பெரியவர். யாராவது தூரமாக ஒதுங்கிவிட்டால் போய்க் கூட்டி வருவது அவர் வேலை. வாழ்நாள் முழுக்கப் பாய் விரித்து மீன்பிடிக்கப் போனவர். காற்றுமானி கருவி ஒன்று தம்பி கழுத்தில் தொங்குகிறது. அதில் எண் தெரிவதற்கு முன்னாலேயே பெரியவர் “கச்சான் ஏறுது” என்கிறார். ஏறுகிறது. பலகை மேல் நின்று தடுமாறுகிறவர்களைக் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “ஒண்ணுமில்ல, பாய்மரத்தக் கழட்டிப்புட்டு அந்த எடத்துல ஆளை நட்டிருக்காய்ங்க” என்றார். இந்த விளையாட்டைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களில் இதைவிடச் சுருக்கமானது இல்லை.

மத்தியானம் காற்று தூக்கலாக இருக்கும்போது சாப்பாட்டுக்குக் கரையேறச் சொன்னால் ஒருவரும் வருவதில்லை. வந்ததும் தட்டை விட்டு எழுவதில்லை. கொட்டகைச் சமையலில் அன்று நகரை மீன் குழம்பு. அம்மாவுக்கு அன்று அசைவம் தொடாத நாள். சமையற்காரரிடம் பேசி, ஓரத்து அடுப்பைப் பிடித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த சாமானில் அரிசிம்பருப்பு சாதம் கிளறிவிட்டார். பூண்டும் வெங்காயமும் தாளித்த வாசம் வெளியே வந்ததும் தங்கச்சிமடத்துத் தம்பி, காவல் வத்தைப் பெரியவர், தையல் அக்கா எல்லோரும் தட்டோடு அந்தப் பக்கம். அரிசிம்பருப்பு சாதத்துக்கு நகரை மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவதைப் பார்த்து அம்மா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “போச்சாது, சாப்புடட்டும். இன்னும் கொஞ்சம் நெய் ஊத்திக்க தம்பி” என்று பிறகு அவரே கரண்டியோடு சுற்றினார்.

சாப்பிட்ட கையோடு நீங்கள் பார்க்க வேண்டிய இன்னொன்று பின்பக்கத்துத் தொட்டிகள். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில் நல்ல தண்ணீர் விலைக்கு வருகிறது. அதனால் கழுவுவதற்கு ஒரு வரிசை. முதல் தொட்டியில் மணல் போக முக்கு, இரண்டாவதில் உப்புப் போக முக்கு, மூன்றாவதில் திருகாணி சம்பந்தப்பட்டது மட்டும். முதல் தொட்டிக்குப் போக வேண்டிய செருப்பை யாராவது மூன்றாவதில் முக்கினால் அக்கா கத்துகிற கத்தல் பாம்பன் பாலத்துக்குக் கேட்கும். கடைசியாக மிஞ்சிய தண்ணீர் வாசலில் நிற்கும் முருங்கைக்குப் போகிறது. உப்புத் தண்ணீரைக் குடித்தும் அந்த மரம் எப்படியோ காய்த்துத் தொங்குகிறது.

மறுநாள்தான் ஃபாயில். மாட்டிய பலகையைச் சாதாரணமாகத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்க முடியாது. அடியில் முக்கால் மீட்டருக்கு மேல் நீளும் தண்டு தரையில் இடிக்கும். அதனால் பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்து, தண்டு வானத்தைப் பார்க்க, மெல்ல மெல்ல மார்பளவு தண்ணீருக்கு நடத்திக்கொண்டு போகிறார்கள். ஒரு கையில் அது, மறு கையில் எந்த நேரமும் பறக்கத் துடிக்கும் விங். அங்கே போய்ப் பலகையைப் புரட்டி, மேலே ஏறி மண்டியிட்டு, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் கரையில் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு டீ முடிந்துவிடும்.

பீளமேட்டுப் பெண் மண்டியிட்டாள். எழுந்தாள். விழுந்தாள். எழுந்தாள். பின்காலை அழுத்தியதும் பலகை குதிரையாக நிமிர்ந்து அவளை முதுகுப் பக்கம் வீசியது. மறுபடியும் முன்னங்காலை அழுத்தினாள். இப்போது பலகை மூக்கால் தண்ணீரில் குத்தியது. நடுவில் எங்கேயோ ஒரு மயிரிழை இருக்கிறது. அதை வாயால் சொல்லித்தர முடியாது என்று தம்பியே சொல்லிவிட்டார். அவர் செய்வதெல்லாம் பக்கத்தில் நீந்திக்கொண்டே “பார்வை தண்ணிக்குப் போகுது, கரையப் பாரு, கரையப் பாரு” என்று கத்துவதுதான்.

கரையைப் பார்த்தாள். தண்ணீரைக் கிழிக்கிற சத்தம் நின்றுபோனது. அதுவரை பலகைக்கு அடியில் சலசலத்துக்கொண்டிருந்தது அப்படியே அறுந்து, தண்டிலிருந்து மெல்லிய ரீங்காரம் மட்டும் வந்தது. பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. கணபதி அண்ணன் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். பனியன் கம்பெனி அண்ணன் கத்தினார். பெரியவர் வத்தையில் எழுந்து நின்றார். ஒரு தென்னை நீளம் போயிருப்பாள், அவ்வளவுதான், பொத்தென்று விழுந்தாள். தண்ணீருக்கு மேலே வந்தபோது சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தது.

அம்மாதான் வீடியோ எடுத்தார். கொட்டகையில் எல்லோரும் ஓடிவந்து செல்போனைச் சூழ்ந்தார்கள். காமிரா தன் பக்கம் திரும்பியிருந்ததை அம்மா கவனிக்கவில்லை. மகள் பறந்த நேரம் முழுக்கத் திரையில் அம்மாவின் முகம்: பயந்து, வாய் திறந்து, கண் விரிந்து, கடைசியில் “ஐயோ சாமி!” என்று சிரித்து. மகள் அதை மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். பறந்த வீடியோ போனதற்கு அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தையல் அக்காவும் தனக்கு ஒரு காப்பி அனுப்பச் சொன்னார்.

பனியன் கம்பெனி அண்ணன் பறந்தாரா என்று கேட்பீர்கள். இல்லை. ஃபாயில் இல்லாத பலகையிலேயே காயலைக் கடந்து, நடக்காமல் திரும்பி வந்தார். காற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஏறி வருவது பறப்பதைவிடப் பெரிய காரியம் என்று தம்பி சத்தியம் செய்தார். அண்ணன் நம்பினார். நானும் நம்புகிறேன்.

சரி, உங்களுக்கும் ஆசை வந்துவிட்டதென்றால் சிலது சொல்லிவிடுகிறேன். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று பலமாக இருக்கும். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்றும் உண்டு, கொஞ்சம் மெதுவாக. பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இலங்கையில் கற்பிட்டியும் அதன் பக்கத்துக் கப்பலடியும் இதே விளையாட்டுக்கு உலகம் முழுக்கப் பேர்போன இடங்கள். அங்கேயும் மே முதல் செப்டம்பர் வரைதான் பெரிய பருவம். பாம்பனில் 1914-ஆம் வருஷத்துப் பாலத்துக்குப் பக்கத்திலேயே கட்டிய புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த பிறகு ரயில் மறுபடியும் தீவுக்குள் வருகிறது. கோவையிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் வாராந்திர வண்டி இருக்கிறது. நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். பருத்திச் சட்டை வேண்டாம். நனைந்தால் கனக்கும், காய்ந்தால் உப்பில் உரசிப் புண்ணாக்கும். நீள்கை லைக்ரா, கெட்டியான ரப்பர் காலணி, தொப்பி. பறக்கும் எண்ணமில்லாதவர்களும் தாராளமாக வரலாம், அரிசியும் பருப்பும் கொண்டுவந்தால் ராஜ மரியாதை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கரண்ட் பம்பில் சார்ஜ் இருக்காது.